பழைய லைனில் புது டீ: சுவர் ஈரமான ஒரு வீட்டின் நிகழ்வு ஆய்வு

வாஷிங் மெஷினுக்கு ஒரு குழாய் எடுப்பது யாருக்கும் பெரிய வேலையாகத் தோன்றாது. பக்கத்துச் சுவருக்குள் பாத்ரூம் லைன் போகிறது, அதைக் கொஞ்சம் கொத்தி, குழாயை அறுத்து, ஒரு டீ (மூன்று வாய் உள்ள, கிளை பிரிக்கும் இணைப்பு) போட்டு, வெளியே ஒரு டேப் வைத்தால் மதியத்துக்குள் முடிந்துவிடும். இந்த வீட்டிலும் அப்படித்தான் முடிந்திருக்கிறது. ஏழெட்டு வாரம் கழித்து, டீ இருந்த சுவருக்குப் பின்பக்கம் உள்ள அறையில், தரையை ஒட்டி பெயின்ட் கொப்புளித்து உதிர ஆரம்பித்தது.

காரணத்தைத் தேடி, சுவரைத் திறந்து, வேறு மாதிரி திரும்பச் செய்து கொடுத்த வேலை இது. கொஞ்சம் விரிவாகவே எழுதுகிறேன், ஏனென்றால் இங்கே நடந்த எதுவும் அபூர்வம் இல்லை, பதித்த குழாயை நடுவில் வெட்டி டீ போட்ட வீடுகளில் நான் பார்ப்பது பெரும்பாலும் இதே சங்கதிகள்தான். புது ஃபிட்டிங் நல்லதா என்று எல்லாரும் பார்க்கிறார்கள். அதைத் தாங்கப்போகிற பழைய குழாய் எந்த நிலையில் இருக்கிறது, அது நகர இடம் இருக்கிறதா என்று பார்ப்பவர்கள் ரொம்பக் குறைவு.

வீட்டின் லைன்

மாடி டேங்கில் இருந்து ஒரு பிரஷர் பம்ப் வழியாக முக்கால் அங்குல ஜி.ஐ. (துத்தநாகம் பூசிய இரும்பு) குழாய் டக்டுக்குள் (குழாய்கள் இறங்குவதற்கான குறுகிய இடைவெளி) இறங்குகிறது. ஒவ்வொரு தளத்துக்கும் அதில் ஒரு கேட் வால்வு, வால்வைத் தாண்டியதும் சிபிவிசி என்ற பிளாஸ்டிக் குழாய். பாத்ரூமைப் புதுப்பித்தபோது சுவருக்குள் இருந்த பழைய ஜி.ஐ.யை எடுத்துவிட்டு இந்த சிபிவிசியைப் பதித்திருக்கிறார்கள், அதற்கே பதினைந்து வருடம் தாண்டிவிட்டது. டக்டில் இருந்து கிளம்பும் குளிர்நீர் லைன் சுவருக்குள் கிடையாக இரண்டு மீட்டர் போல ஓடி, வாஷ்பேசினுக்குக் கீழே ஒரு எல்போவில் மேலே திரும்புகிறது. அந்த இரண்டு மீட்டருக்கு நடுவில்தான் புது டீ.

சுவரை இடிக்கும் முன்

ஈரம் என்றதும் சுத்தியலை எடுப்பது எனக்குப் பிடிக்காத பழக்கம். ஈரம் தெரியும் இடம் வேறு, ஒழுகும் இடம் வேறாக இருக்கலாம், தண்ணீர் குழாயின் வெளிப்பக்கத்தை ஒட்டியே தூரமாக ஓடி, பூச்சு பலவீனமான இடத்தில் வெளியே வரும். கழிவுக் குழாயா, டைல்ஸ் இடுக்கா, நல்ல தண்ணீர் லைனா என்பதை முதலில் பிரிக்க வேண்டும்.

இங்கே அந்த வீட்டு அம்மா சொன்ன ஒரு விஷயம் பாதி வேலையை முடித்துவிட்டது. "ராத்திரி யாரும் தண்ணி திறக்கலப்பா, ஆனா பம்ப் ரெண்டு செகண்ட் ஓடி ஓடி நிக்குது" என்றார். கழிவு லைன் ஒழுகினால் பிரஷர் பம்ப் ஓட வேண்டிய அவசியமே இல்லை. அழுத்தம் உள்ள பக்கத்தில் எங்கோ தண்ணீர் போகிறது, அழுத்தம் குறைந்ததும் பம்ப் அதை நிரப்பிவிட்டு நிற்கிறது.

வாஷிங் மெஷின் டேப்பில் ஒரு பிரஷர் கேஜை மாட்டினேன். பம்ப் 2 பாரில் (பார் என்பது அழுத்தத்தின் அளவு) நின்றது. அந்தத் தளத்து கேட் வால்வை மூடி, கம்மோடு டேங்கின் ஆங்கிள் காக்கை (சுவரோரம் இருக்கும் சின்ன வால்வு) மூடி, கீசருக்குப் போகும் வால்வையும் மூடிவிட்டுக் காத்திருந்தோம். கால் மணி நேரத்துக்குள் முள் 1 பாருக்குக் கீழே வந்துவிட்டது. கம்மோடு டேங்க் தண்ணீரை விழுங்குவதும், கீசரின் சேஃப்டி வால்வு சொட்டுவதும் அடிக்கடி பார்க்கும் காரணங்கள், அவை இரண்டும் இதோடு கழிந்தன. மிச்சம் இருப்பது சுவருக்குள் இருக்கும் அந்த இரண்டு மீட்டரும் அதிலிருந்து கிளம்பும் கிளைகளும். அதில் புதிதாகக் கை வைத்த இடம் ஒன்றே ஒன்று.

திறந்தபோது கண்டது

பூச்சை எடுத்ததும் டீயின் வலப்பக்கத்தில் தண்ணீர் முத்து முத்தாகக் கோத்து நின்றது. துடைத்துவிட்டு டார்ச் அடித்துப் பார்த்தால், சில விநாடியில் மறுபடியும் அதே இடத்தில் கோத்தது. டேப்பை மாட்டியிருந்த ஃபிட்டிங்கிலும் ஒரு கசிவு. ஆக இரண்டு ஒழுகல், இரண்டுக்கும் காரணம் வேறு வேறு.

டீயை வெட்டி எடுத்து, நீளவாக்கில் இரண்டாகப் பிளந்து பார்த்தேன். இடப்பக்கம் குழாய் சாக்கெட்டின் (குழாய் நுழைந்து உட்காரும் டீயின் வாய்) அடி வரைக்கும் போய் உட்கார்ந்திருக்கிறது, ஒட்டும் நன்றாக இருக்கிறது. வலப்பக்கம் குழாய் மூன்றில் ஒரு பங்கு ஆழம்தான் உள்ளே போயிருக்கிறது. அதற்கு அப்பால் சாக்கெட்டின் உள்சுவரில் தடவிய சால்வென்ட் சிமென்ட் (பிளாஸ்டிக் குழாய்களை இணைக்கத் தடவும் திரவம்) யாரும் தொடாமல் பளபளவென்று வளையமாகக் காய்ந்து கிடந்தது.

இது கவனக்குறைவு மட்டும் என்று நான் நினைக்கவில்லை. கொஞ்சம் கணக்குப் போட்டுப் பார்த்தால் ஏன் அப்படி ஆனது என்று விளங்கும். முக்கால் அங்குல சிபிவிசிக்கு சாக்கெட்டின் ஆழம் ஏறக்குறைய 18 மி.மீ. டீ உட்கார வேண்டுமானால் இரண்டு பக்கமும் குழாய் அவ்வளவு ஆழம் உள்ளே போக வேண்டும். ஒரு பக்கத்தை டீயைத் தள்ளி மாட்டிவிடலாம். மறுபக்கத்துக்கு வரும்போது, ஒன்று குழாய் 18 மி.மீ. பின்னால் போய்த் திரும்ப வர வேண்டும், அல்லது டீ அந்தப் பக்கம் நகர வேண்டும். இரண்டு பக்கமும் குழாய் சிமென்ட் கலவைக்குள் இறுகிக் கிடக்கிறது, ஒரு சாண் நீளத்துக்குத்தான் சுவர் கொத்தப்பட்டிருக்கிறது. எதுவும் நகராது. குழாயைக் கொஞ்சம் குட்டையாக அறுத்து, வளைத்து, எவ்வளவு போகிறதோ அவ்வளவு போகட்டும் என்று விட்டால்தான் டீ உள்ளே நுழையும். அப்படித்தான் நுழைந்திருக்கிறது.

அதோடு வலப்பக்கக் குழாயின் முனையில் ஒரு மயிரிழை விரிசல், முனையில் இருந்து உள்நோக்கி ஒன்றரை சென்டிமீட்டர் போல ஓடியிருந்தது. பழைய சிபிவிசி புதுக் குழாய் மாதிரி இருக்காது, வருடங்கள் போகப்போக விறைத்துவிடும். ராட்செட் கட்டரால் அதை நெரித்து வெட்டினால், அதுவும் பிளேடு மழுங்கியிருந்தால், வெட்டு நேராகத் தெரியும், விரிசலோ குழாயின் நீளத்தில் போய்விடும். பழைய குழாய்க்கு நெருக்கமான பற்கள் உள்ள ஹேக்சாதான் சரி, அழுத்தாமல் மெதுவாக இழுக்க வேண்டும். விரிசல் கண்ணில் பட்டால் அது முடியும் இடத்தைத் தாண்டி குறைந்தது 5 சென்டிமீட்டர் தள்ளி அறுத்து எறிய வேண்டும். இங்கே அந்த வேலையின்போது விரிசல் யார் கண்ணிலும் பட்டிருக்காது, சிமென்ட் அதன் மேல் தடவப்பட்டு சாக்கெட்டுக்குள் போய்விட்டது.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். அந்த கேட் வால்வை மூடினாலும் தண்ணீர் முழுசாக நிற்பதில்லை, ஒரு மெல்லிய கசிவு வந்துகொண்டே இருக்கிறது, பழைய கேட் வால்வுகளுக்கு இது வழக்கமான வியாதி. நனைந்த குழாயில் சால்வென்ட் சிமென்ட் பிடிக்காது. அது பசை மாதிரி மேலே ஒட்டுவதில்லை, இரண்டு பரப்பையும் கரைத்து ஒன்றாக்குகிறது, நடுவில் தண்ணீர் இருந்தால் அந்த இடத்தில் கரைவதே நடக்காது. அரைகுறையாக நுழைந்த மூன்றில் ஒரு பங்கிலும் கீழ்ப்பாதி ஒட்டாமல் வெளுத்து இருந்ததற்கு இதுதான் காரணம் என்று எனக்குப் படுகிறது.

டேப் பக்கத்துப் பிழை

டீயில் இருந்து வந்த கிளையின் முனையில் வெறும் பிளாஸ்டிக்கால் ஆன, உள் திரெட் (மரை) உள்ள அடாப்டர் ஒன்றை ஒட்டி, அதற்குள் பித்தளை டேப்பை நேராக முறுக்கியிருந்தார்கள். டெஃப்லானை (கசியாமல் இருக்க திரெட்டில் சுற்றும் மெல்லிய நாடா) தடிமனாகச் சுற்றி, ரெஞ்ச் போட்டு இறுக்கியிருக்கிறார்கள். அடாப்டரின் வாயில் இருந்து அதன் உடம்பு வரைக்கும் ஒரு கோடு.

குழாய்களுக்கான வெளித் திரெட் பெரும்பாலும் கூம்பு வடிவம், முனையில் சிறுத்து, பின்னால் போகப்போகப் பருக்கும். விறகில் ஆப்பு இறக்குவது மாதிரிதான். வெளித் திரெட் உள்ளதை ஆண் என்போம், உள் திரெட் உள்ளதைப் பெண் என்போம். உலோகத்தால் ஆன ஆண் துண்டை பிளாஸ்டிக் பெண்ணுக்குள் இறக்கினால் விரிய வேண்டியது பிளாஸ்டிக், அதில் டெஃப்லானும் ஏழெட்டுச் சுற்று கூடுதலாக இருந்தால் ஆப்பு இன்னும் பருமன். அன்றைக்கே உடையாது. இழுவிசையில் நின்றுகொண்டே இருந்து, சில வாரமோ சில மாதமோ கழித்து விரிசல் விடும். தலைகீழாக, பிளாஸ்டிக் ஆண் உலோகப் பெண்ணுக்குள் போனால் பிளாஸ்டிக் அமுங்குகிறது, அமுங்குவதை அது நன்றாகத் தாங்கும். டேப் வைக்கிற இடத்துக்கு பித்தளை இன்சர்ட் உள்ள எல்போதான் போட வேண்டும், திரெட் முழுக்க பித்தளையிலேயே இருக்கும்.

இந்த மாதிரி இடத்தில் நான் பார்க்கும் இன்னொன்று, திரெட் வகை. அரை அங்குல பிஎஸ்பிக்கும் (பிரிட்டிஷ் திரெட் வகை) என்பிடிக்கும் (அமெரிக்க வகை) அங்குலத்துக்கு 14 மரை என்று ஒரே எண்ணிக்கை, ஆனால் மரையின் கோணம் ஒன்றில் 55 டிகிரி, இன்னொன்றில் 60. கையால் முறுக்கினால் பொருந்துவது மாதிரியே இருக்கும், அப்புறம் எவ்வளவு சுற்றினாலும் கசியும். இந்த வீட்டில் இரண்டும் பிஎஸ்பிதான், அதனால் அது காரணம் இல்லை.

ஏன் அன்றைக்கே ஒழுகவில்லை

வீட்டுக்காரர்கள் கேட்டது இதைத்தான். வேலை முடிந்த அன்று வால்வைத் திறந்து, டேப்பை மூடி, கொஞ்ச நேரம் பார்த்திருக்கிறார்கள், ஒரு சொட்டுக்கூட இல்லை. பூசிவிட்டார்கள்.

2 பார் அழுத்தத்தை அரைகுறை ஒட்டுகூட சில மணி நேரம் தாங்கும். அதைக் கழற்றியது வாஷிங் மெஷின். மெஷினுக்குள் இருக்கும், மின்சாரத்தால் இயங்கும் சொலினாய்டு வால்வு கையால் மூடுகிற டேப் மாதிரி மெதுவாக மூடாது, டக்கென்று அறைந்து மூடும். ஓடிக்கொண்டிருந்த தண்ணீர் திடீரென்று நிற்கும்போது அதன் வேகம் முழுக்க அழுத்தமாக மாறிக் குழாய் நெடுக அடிக்கிறது, 'டொக்' என்று சத்தம் கேட்கிறதே, அதுதான். வேகம் எவ்வளவு மாறுகிறதோ அதற்கு ஏற்ப அழுத்தம் எவ்வளவு ஏறும் என்ற கணக்கை ரஷ்ய அறிவியலாளர் ஜூகோவ்ஸ்கி 1898-லேயே எழுதிவிட்டார். எஃகுக் குழாயில் விநாடிக்கு 1 மீட்டர் ஓட்டம் சட்டென்று நின்றால் ஏறக்குறைய 14 பார் ஏறும். சிபிவிசி கொஞ்சம் நெகிழ்வதால் அதில் 5 பார் அளவுதான்.

மெஷின் நிமிடத்துக்கு 10 லிட்டர் எடுக்கிறது என்று வைத்துக்கொள்வோம். அரை அங்குல சிபிவிசியின் உள்விட்டம் 12 மி.மீ. சொச்சம், அதில் தண்ணீர் விநாடிக்கு 1.4 மீட்டர் வேகத்தில் போகும், மூடும்போது 7 பார் போல எகிறும். அதே தண்ணீர் முக்கால் அங்குலத்தில் போனால் வேகம் 0.65 மீட்டர் கூட இல்லை, அடியும் பாதிக்கும் கீழே வந்துவிடும். நல்ல நிலையில் இருக்கும் சிபிவிசி சாதாரண வெப்பத்தில் 27 பார் வரைக்கும் தாங்கும்படி செய்யப்படுகிறது, அதற்கு இந்த அடி ஒரு பொருட்டே இல்லை. ஆனால் விரிசல் விட்ட முனையும் ஒட்டாத சாக்கெட்டும் ஒவ்வொரு துவைப்பிலும் பல முறை இதை வாங்கிக்கொண்டே இருந்தால் எத்தனை நாள் நிற்கும்? முதல் கிளை முழுக்க அரை அங்குலத்தில்தான் எடுத்திருந்தார்கள்.

எங்கே வெட்டுவது

திரும்பச் செய்யும்போது முதலில் யோசித்தது, வெட்டாமலே முடியுமா என்பதுதான். வாஷ்பேசினுக்குக் கீழே இருக்கும் ஆங்கிள் காக்கைக் கழற்றிவிட்டு டூ-வே ஆங்கிள் காக் போட்டால் சுவரைத் தொடாமல் ஒரு கிளை கிடைக்கும். மெஷின் பாத்ரூமுக்குள்ளேயே இருக்கிற வீடுகளில் நான் வேறு எதையும் யோசிக்கவே மாட்டேன். இங்கே மெஷின் சுவருக்கு மறுபக்கம், ஹோஸ் வாசலைத் தாண்டிப் போக வேண்டியிருக்கும், அதனால் சரிப்படவில்லை. ஓட்டை போட்டு மேலே கவ்வும் சாடில் வால்வு என்று ஒன்று உண்டு, ஓட்டை சின்னது, ரப்பர் வாஷரை நம்பி நிற்பது, அதைச் சுவருக்குள் வைத்துப் பூச எனக்கு மனசு வராது.

அடுத்து டக்ட். அங்கே ஜி.ஐ. குழாயிலேயே ஒரு டீ போடலாமா என்று பார்க்கும்போது, குழாயில் ஒரு கிளாம்பும் அதிலிருந்து போகும் பச்சை ஒயரும் கண்ணில் பட்டது. வீட்டின் எர்த் அந்தக் குழாயோடு இணைக்கப்பட்டிருக்கிறது. பழைய வீடுகளில் இது உண்டு. அந்த உலோகக் குழாயை வெட்டி நடுவில் ஒரு துண்டு பிளாஸ்டிக் வைத்தால் எர்த் இணைப்பு அங்கேயே அறுந்துவிடும், தண்ணீர் ஒழுங்காகத்தான் வரும், யாருக்கும் தெரியாது, ஒரு நாள் கீசரில் மின்கசிவு வரும்போதுதான் தெரியும். எலக்ட்ரீஷியன் பார்த்து மாற்று எர்த் உறுதி செய்யும் வரை அந்தப் பக்கம் கை வைக்கக் கூடாது என்று முடிவு செய்தோம். ஜி.ஐ.யின் திரெட்டும் ஒரு கவலை. முக்கால் அங்குலக் குழாயின் சுவர் 2.6 மி.மீ. என்றால் திரெட் வெட்டியதில் 1.16 மி.மீ. போய்விடும், மிஞ்சிய பாதியைத் துரு வருடக்கணக்கில் தின்றிருக்கும். ஒரு இடத்தில் ரெஞ்ச் போட்டுத் திருகினால் இரண்டு அடி தள்ளி இன்னொரு மூட்டு உடையும்.

ஆகவே இடம் தானாகவே முடிவாகிவிட்டது: டக்டுக்குள், கேட் வால்வைத் தாண்டி சிபிவிசி தொடங்கும் இடத்துக்கும் அது சுவருக்குள் நுழையும் இடத்துக்கும் நடுவில் இருக்கும் முக்கால் அடி. கண்ணுக்குத் தெரிகிற குழாய், கை நுழைகிற இடம்.

செய்த வேலை

டேங்கின் அடியில் இருக்கும் வால்வை மூடி, பம்பை அணைத்து, கீழ்த்தளத்து டேப்பைத் திறந்து லைனை முழுக்க வடித்தோம். கேட் வால்வின் கசிவோடு மல்லுக்கட்டுவதை விட இது மேல். அந்த வால்வைக் கழற்றவும் இல்லை, திறந்தபடியே விட்டுவிட்டு அதற்கு அடுத்து சிபிவிசியில் ஒரு புது பால் வால்வு (உள்ளே துளையிட்ட பந்து திரும்பி மூடும் வால்வு) வைத்தோம், இனி அந்தத் தளத்தை மூட அதுதான்.

பால் வால்வு, அப்புறம் டீ, அப்புறம் ஒரு யூனியன் (நட்டைக் கழற்றினால் இரண்டாகப் பிரியும் இணைப்பு), இந்த வரிசை. யூனியன்தான் இந்த வேலையின் உயிர். சுவருக்குள் கெட்டுப்போன குழாய் முழுவதையும் வாஷ்பேசின் எல்போவுக்குச் சற்று முன்பு வரைக்கும் எடுத்துவிட்டு, ஒரே நீளமான புதுக் குழாயை டக்ட் பக்கம் இருந்து நுழைத்தோம். மறுமுனையில் இருந்த கப்ளிங்குக்குள் (இரண்டு குழாய்களை நேராக இணைக்கும் ஃபிட்டிங்) அதை நேராகத் தள்ளி, கால் சுற்று திருப்பி, பிடித்துக்கொள்ள முடிந்தது, ஏனென்றால் இந்தப் பக்கத்து முனை சுதந்திரமாக இருந்தது. சாக்கெட்டின் ஆழத்தை முன்னாலேயே குழாயில் மார்க்கரால் கோடு போட்டு வைத்திருந்தோம், கோடு கப்ளிங்கின் வாயைத் தொட்டதும் உள்ளே முழுசாகப் போய்விட்டது என்று தெரியும். இந்தக் கோட்டை யாரும் சோம்பல்பட்டு விட்டுவிட வேண்டாம், அந்தப் பழைய டீயில் இது இருந்திருந்தால் பார்த்த மாத்திரத்தில் தெரிந்திருக்கும். அப்புறம் யூனியனின் இரண்டு பாதிகளையும் முகத்தோடு முகம் வைத்து நட்டை இறுக்கினால் லைன் மூடிவிட்டது, எதையும் வளைக்கவோ இழுக்கவோ வேண்டியிருக்கவில்லை. யூனியனின் உள்ளே ரப்பர் வளையம் உண்டு, என்றைக்காவது மாற்ற வேண்டி வரும், அதனால் அதைச் சுவருக்குள் பதிக்கவே கூடாது.

ஆக சுவருக்குள் மிஞ்சியது ஒரே ஒரு புது மூட்டு.

சிமென்ட் விஷயத்தில் சுருக்கமாக: சிபிவிசிக்கு என்று எழுதியிருப்பதையே வாங்க வேண்டும், டப்பாவுக்குள் கூழாக இறுகியிருந்தால் தூக்கிப் போட வேண்டும், வெட்டிய முனையின் பிசிறை உள்ளும் வெளியும் எடுத்து விளிம்பைச் சற்றுச் சாய்வாகச் சீவ வேண்டும், தள்ளிய பிறகு அரை நிமிடமாவது கையை எடுக்கக் கூடாது, எடுத்தால் சாக்கெட் குழாயை மெதுவாக வெளியே தள்ளும்.

டீயில் இருந்து மெஷினுக்குப் போகும் கிளைக்குத் தனியாக ஒரு பால் வால்வு. சுவரின் வெளிப்பக்கமாகவே கிளாம்ப் அடித்து முக்கால் அங்குலத்தில் கொண்டுபோய், கடைசியில் பித்தளை எல்போவில் மட்டும் அரை அங்குலமாகக் குறைத்தோம். அந்த எல்போ சுவரில் திருகு போட்டு இறுக்கப்பட்டிருக்கிறது, டேப்பைத் திருப்பும் பலம் குழாய்க்குப் போகாது.

"குழாய் வெளியே தெரியுமேப்பா, பார்க்க நல்லாவா இருக்கும்?" என்று அந்த அம்மா தயங்கினார். "தெரியட்டும்மா, ஒரு சொட்டு விழுந்தா அன்னைக்கே நீங்க பார்த்துடுவீங்க" என்றேன். சம்மதித்தார், அப்புறம் சுவரின் நிறத்திலேயே தண்ணீரில் கரையும் பெயின்ட் அடித்துக்கொண்டார்.

சோதனை

ஒட்டுகளை இரவு முழுக்க விட்டுவிட்டு மறுநாள் கைப் பம்ப்பால் சோதித்தோம். பம்ப் தரும் அழுத்தத்தின் ஒன்றரை மடங்கு, அதாவது 3 பார். மற்ற இடங்களில் இருப்பது பழைய குழாய், அதை பத்து பார் வரைக்கும் அடித்துப் பார்ப்பதில் எனக்கு உடன்பாடு இல்லை, நன்றாக இருக்கும் மூட்டையும் அது கெடுத்துவிடும். கீசரையும் பம்பையும் வால்வு போட்டுப் பிரித்துவிட்டு ஒரு மணி நேரம் முள்ளைப் பார்த்தோம், அசையவில்லை. அதன் பிறகு மெஷினை மாட்டி, தண்ணீர் எடுப்பதும் நிறுத்துவதுமாகப் பல தடவை ஓடவிட்டு, சுவர் திறந்திருக்கும்போதே அந்த ஒரு மூட்டை டிஷ்யூ பேப்பரால் துடைத்துத் துடைத்துப் பார்த்தோம். நின்ற அழுத்தத்தில் மட்டும் சோதித்துவிட்டுப் பூசியதுதான் முதல் தடவை நடந்தது.

மெஷினை மாட்டும் முன் டேப்பை முழுசாகத் திறந்து வாளியில் பிடித்ததில் முதலில் செம்மண் நிறத்தில்தான் தண்ணீர் வந்தது, லைனை வடித்து நிரப்பும்போது ஜி.ஐ.யின் துரு கிளம்பிவிடும். அதை நேராக மெஷினுக்குள் விட்டிருந்தால் அதன் நுழைவாய் வடிகட்டி அன்றைக்கே அடைத்திருக்கும். வீட்டில் மற்ற டேப்களின் முனைச் சல்லடைகளையும் கழற்றிக் கழுவினோம்.

பம்ப் இப்போது இரவில் ஓடுவதில்லை. பின்னறைச் சுவரை உடனே பூச வேண்டாம், நன்றாக உலரட்டும் என்று சொல்லிவிட்டு வந்தேன், ஈரத்தின் மேல் பூசினால் உப்பு பூத்து மறுபடியும் உதிரும், அது புது ஒழுகலோ என்று சந்தேகம் வேறு வரும். மூடும் முன் சுவரின் பக்கத்தில் அளவுநாடாவை விரித்து வைத்து, குழாய் தரையில் இருந்து எவ்வளவு உயரத்தில், கப்ளிங் மூலையில் இருந்து எவ்வளவு தூரத்தில் என்று தெரியும்படி படம் எடுத்து, அச்சடித்து, டக்ட் கதவின் உள்பக்கம் ஒட்டியிருக்கிறோம். ஜி.ஐ. குழாயை மாற்றும் வேலை எலக்ட்ரீஷியன் எர்த்தைப் பார்த்து முடித்த பிறகு.